உரியவர் பேசினால் மட்டும்

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று மருத்துவமனை வரவேற்பு மேசையில் இருந்த பெண் என்னைப் "பாட்டி" என்று கூப்பிட்டாள். நான் அவளுக்குப் பாட்டி அல்ல. யாருக்குமே அல்ல, என் மகன் பெலிக்ஸுக்கும் மருமகள் ரெஜினாவுக்கும் குழந்தைகள் இல்லை.

"என் பேர் திருமதி ஜெசிந்தா சவரிராயன். உன் முன்னால இருக்கற தாள்ல இருக்கு, வாசி" என்றேன்.

வாசித்தாள். பிறகு, "சரிங்க பாட்டி, கூட யாரு வந்திருக்கா?" என்றாள்.

தனியாகத்தான் வந்தேன். புத்தூரிலிருந்து தில்லைநகருக்கு ஆட்டோவில் வர எனக்குத் துணை எதற்கு? முப்பத்தேழு வருடம் திருச்சி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள் நான். கடைசிப் பதினொரு வருடம் மேற்பார்வையாளர். என் கீழ் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் தன் முன்னால் இருக்கும் தாளை வாசிக்காமல் வாய் திறந்ததில்லை.

பெலிக்ஸ்தான் சிங்கப்பூரிலிருந்து இணையத்தில் நேரம் வாங்கியிருந்தான். அதனால் என் பெயருக்கு நேராக அவன் கைபேசி எண். "ஓ.டி.பி. உங்க பையனுக்குப் போயிருக்கு, கேட்டுச் சொல்லுங்க" என்றாள். என் வயிற்றை ஸ்கேன் எடுக்க நான் சிங்கப்பூருக்குப் போன் செய்து ஆறு இலக்கம் கேட்டு வாங்கினேன். பிறந்த தேதியை மட்டும் ஆதாரிலிருந்து எடுத்துக்கொண்டாள்: 1-6-1948. அது உண்மையான தேதி அல்ல. ஐந்து வயது நிரம்பாமல் பள்ளியில் சேர்க்க முடியாது என்பதால் மதர் சுப்பீரியர் போட்ட தேதி. எனக்குப் பொய் பிடிக்காது. ஆனால் அது அவர்கள் போட்டது, நான் போட்டதல்ல.

டாக்டர் சேதுபதி சின்ன வயதுக்காரர். நன்றாகக் கை கழுவினார். நான்கு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருக்கிறேன், உடம்பு அரிக்கிறது, சோறு இறங்குவதில்லை என்று வரிசையாகச் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"உங்க வீட்டு சார் எப்படி இறந்தாங்கம்மா?"

"அல்சர்" என்றேன்.

அக்டோபர் 4, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரிப்போர்ட் வரவில்லை.

அக்டோபர் 6, வெள்ளி

ரிப்போர்ட் வாங்க நேரில் போனேன். அதே பெண். பெயர் தாரணி என்று மார்பில் குத்தியிருக்கிறாள்.

"அது உங்க மகனுக்கு மெயில்ல அனுப்பியாச்சுங்களே."

"எனக்கு?"

"உங்களுக்கு எதுக்குங்க? அவரு பாத்துக்குவாரு. நீங்க டென்ஷன் ஆகாம வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

டென்ஷன் என்னும் சொல்லை நான் உச்சரிக்கவே இல்லை. "என் வயித்துப் படம் கடல் தாண்டிப் போயிருக்கு. நான் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கேன், எனக்கு வரல. இது என்ன ஊர் நியாயம்?" என்று கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர், "பெரியம்மா, கொஞ்சம் சீக்கிரம்" என்றார். எனக்கு நியாயம் கேட்க வந்தவர் என்று நினைத்துத் திரும்பியது என் தவறு.

மாலையில் பெலிக்ஸ் கூப்பிட்டான். "ஒண்ணுமில்லம்மா, பித்தப்பையில கல்லு. இங்க வந்தீங்கன்னா சின்ன ஆபரேஷன். ரெண்டு நாள்ல எழுந்து நடப்பீங்க."

"இங்கேயே எடுத்துக்கறேன். பித்தப்பைக் கல்லு எடுக்கத் திருச்சியில ஆள் இல்லையா?"

"இங்க நல்லா பாப்பாங்கம்மா."

"அப்ப அந்த ரிப்போர்ட்ட எனக்கு அனுப்பு."

"அது பெரிய ஃபைல்மா. உங்க போன்ல திறக்காது."

சரி என்றேன்.

அக்டோபர் 9, திங்கள்

பெலிக்ஸ் ஞாயிறு மட்டும் பேசுகிறவன், பூசை முடிந்து வந்ததும் பதினைந்து நிமிடம். இன்று திங்கட்கிழமை மூன்று முறை பேசினான். மூன்றாவது முறை ரெஜினா வாங்கி, "அத்தை, உங்களுக்கு வாழைப்பூ வடை ரொம்பப் பிடிக்கும்ல?" என்றாள். பன்னிரண்டு வருடமாக என் மருமகள். என் பிடித்தம் எதையும் அவள் கேட்டதில்லை. நானும் அவளிடம் கேட்டதில்லை. அது எங்களுக்குள் இருந்த நல்ல ஏற்பாடு.

பித்தப்பைக் கல்லுக்கு இவ்வளவு வடை தேவையில்லை.

வீட்டு வேலைக்கு வரும் செங்கமலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அம்மா, ரவிக்கை கையில ரெண்டு விரல் நுழையுது, தைச்சுத் தரவா?" என்றாள். வேலையைப் பார் என்றேன். பிறகு ரவிக்கையைக் கொடுத்தேன்.

பி.பி. கால் நினைவுக்கு வருகிறது. இப்போது யாருக்கும் தெரியாது. வெளியூருக்கு ட்ரங்க் கால் பதிவு செய்கிறவர், 'இன்னாருக்கு மட்டும்' என்று பெயர் சொல்லிப் பதியலாம். அந்த ஆள் வந்து தன் பெயரைச் சொன்னால்தான் நாங்கள் இணைப்புக் கொடுப்போம். அப்பாவோ அண்ணனோ வந்தால் கொடுக்கமாட்டோம். ஒருமுறை பினாங்கிலிருந்து ஒருவர் மனைவிக்குப் பதிந்திருந்தார். லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்து அஞ்சலகம். எடுத்தது அவள் கொழுந்தன். "எங்க அண்ணிதானே, நான் சொல்லிக்கறேன், லைனக் குடும்மா" என்று அதட்டினான். "உரியவர் பேசினால் மட்டும்" என்றேன். வயலிலிருந்து அந்தப் பெண் ஓடிவர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. மெட்ராஸ் நிலையம் என்னைத் திட்டியது, பம்பாய் நிலையம் திட்டியது. லைனை விடவில்லை. மூச்சிரைக்க அவள், "நான்தாங்க பாப்பாத்தி" என்றாள். அதற்குப் பிறகுதான் இணைப்புக் கம்பியைச் செருகினேன்.

என் ரிப்போர்ட் எனக்குப் பதிந்த பி.பி. கால். கொழுந்தனிடம் கொடுத்துவிட்டார்கள்.

அக்டோபர் 11, புதன்

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். என் கணவர் கல்லறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லி அனுப்பினேன். பீரோவை ஒழித்துத் துடைத்தேன். கீழ்த் தட்டை இந்த வருடமும் திறக்கவில்லை. அந்துருண்டை நெடி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

அக்டோபர் 13, வெள்ளி

காலை 11.20. தெரியாத எண். வெளிநாட்டு எண் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

"வணக்கம். திருமதி ஜெசிந்தா சவரிராயன்கிட்ட பேசணும்."

"பேசறேன்."

"மன்னிச்சுக்குங்க மேடம். உங்க முழுப் பேர நீங்களே ஒரு தடவ சொல்லணும்."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொன்னேன்.

அவள் பெயர் கோகிலவாணி. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை. பெலிக்ஸ் அவர்களிடம் இரண்டாவது கருத்துக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். திருச்சியிலிருந்து என் ஸ்கேன் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் திறக்கவில்லையாம்.

"திருச்சி ஃபைல்ல பிறந்த தேதி ஜூன் ஒண்ணு. உங்க மகன் நிரப்பின படிவத்துல டிசம்பர் எட்டு. ஒரே பேருக்கு ரெண்டு தேதி. வேற ஒருத்தரோட படத்த உங்க பேர்ல பாத்துடக் கூடாது இல்லையா? அதான் பூட்டி வச்சிருக்கோம்."

"ரெண்டும் என்னுதுதான்" என்று மதர் சுப்பீரியர் கதையைச் சொன்னேன். சிரித்தாள். "எங்கம்மாவுக்கும் இதே கதைதான் மேடம். அவங்களும் ஜூன் ஒண்ணு."

டிசம்பர் எட்டு என் உண்மையான பிறந்தநாள். அமலோற்பவ அன்னை திருநாள். என் காகிதம் எதிலும் அந்தத் தேதி கிடையாது. பெலிக்ஸ் எதைப் பார்த்து எழுதினான்? எதையும் பார்க்காமல்தான் எழுதியிருப்பான். சரி, அது இருக்கட்டும்.

"இத என் மகன்கிட்டயே கேட்டிருக்கலாமே?" என்றேன். சோதித்துப் பார்க்கத்தான்.

"அவரு தினமும் கூப்பிட்டுச் சத்தம் போடறாரு மேடம். ஆனா அவரு நோயாளி இல்லையே. அவரு கையெழுத்துப் போட்டா எங்களுக்குப் போதாது. உங்க ஆவணம் எங்க நாட்டுக்குள்ள வரணும்னா, யார் பாக்கலாம், எதுக்குப் பாக்கலாம்னு நீங்க சொல்லணும்."

நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இதையே சொல்லியிருப்பேன். இவ்வளவு இனிமையாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

"கேளுங்க" என்றேன்.

"இந்த ரெண்டாவது கருத்து எதுக்காகக் கேக்கறீங்கன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க மேடம்."

"பித்தப்பையில கல்லு."

அவள் பேசவில்லை.

லைனில் வரும் மௌனங்களை எனக்குத் தெரியும். இணைப்பு அறுந்த மௌனம் வேறு. அதில் காற்று இருக்காது. எதிர்முனையில் ஒருவர் கையால் வாயை மூடிக்கொள்ளும் மௌனம் வேறு. சாவுச் செய்தி சொல்ல ட்ரங்க் கால் போட்டவர்கள், 'ஹலோ'வுக்குப் பிறகு இப்படித்தான் இருப்பார்கள்.

"அம்மா" என்றாள். மேடம் போய்விட்டது. "உங்க ரிப்போர்ட்ட நீங்க படிச்சீங்களா?"

"குடுக்கல."

"அப்ப இன்னிக்கு உங்க ஒப்புதல நான் வாங்க முடியாதும்மா. எதுக்கு ஒத்துக்கறீங்கன்னு உங்களுக்குத் தெரியணும். அது விதி. முதல்ல உங்க டாக்டர்கிட்ட உக்காந்து எல்லாத்தயும் கேளுங்க. அப்புறம் நீங்களே என்னக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் ஃபைலு பூட்டித்தான் இருக்கும்."

"அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"நான் திறக்கலம்மா. விண்ணப்பத்துல எந்தப் பிரிவுக்குன்னு மட்டும் போட்டிருக்கு. அத நான் சொல்லக் கூடாது."

சொல்லவுமில்லை. நல்ல பெண்.

மதியம் ரசம் மட்டும் சாப்பிட்டேன்.

அக்டோபர் 14, சனி

என் ரிப்போர்ட்டை எனக்கே தரச் சொல்லி, கான்வென்ட் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். நகல் ஒன்று. ஒன்பது மணிக்குத் தாரணியின் மேசையில் வைத்து, நகலில் முத்திரை போட்டுத் தரச் சொன்னேன். அவளிடம் முத்திரை இல்லை. "அப்ப கையெழுத்துப் போடு, நேரம் போடு" என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டு போட்டாள். 9.07.

மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். 12.40க்கு டாக்டர் சேதுபதி உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். உங்க மகன்கிட்ட விவரமா பேசியிருக்கேன்."

"டாக்டர், நீங்க யாரோட வயித்தப் படம் எடுத்தீங்க?"

"உங்க வயித்த."

"பெலிக்ஸோட வயித்த இல்லையே?"

கதவருகே நின்ற தாரணி சிரித்துவிட்டு இருமினாள்.

"உங்களுக்குப் புரியாதும்மா" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். பேனாவைக் கீழே வைத்தார். "உண்மையச் சொன்னா பாதிப் பேரு அன்னிக்கே சாப்பாட்ட விட்டுடறாங்க. சொன்னா மகன் சண்டைக்கு வர்றாரு. சொல்லலன்னா ஊர்ல இருந்து மகள் சண்டைக்கு வர்றாங்க. நாங்க என்ன பண்றது?"

"பேஷண்ட் சண்டைக்கு வந்தா?"

யோசித்தார். "இதுவரைக்கும் பேஷண்ட் யாரும் வந்ததில்லம்மா."

"இன்னிக்கு வந்திருக்கேன். உக்காருங்க."

அவர் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தார். இருந்தாலும் ஒருமுறை சரியாக உட்கார்ந்துகொண்டார். சொன்னார். கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். புற்றாகத்தான் இருக்கும், சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பித்தப்பையில் கல் எதுவும் இல்லை. மிகவும் சுத்தமாக இருக்கிறதாம்.

காகிதத்தை வாங்கிக்கொண்டு கேன்டீனில் உட்கார்ந்து மூன்று முறை வாசித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை. பேனாவால் திருத்தினேன். காபியில் சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. பெலிக்ஸ் வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டான். ரிப்போர்ட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் அழுதான். பிறகு, "யாரு குடுத்தா? அந்த டாக்டர சும்மா விடமாட்டேன்" என்றான்.

"டாக்டர விடு. உனக்கு யார் உரிமை குடுத்தா? என் உடம்பு உன் ஆபீஸ் ஃபைலா? அங்க முகம் தெரியாத ஒரு பொண்ணு என் சம்மதம் இல்லாம ஒரு தாளத் திறக்கமாட்டேங்கறா. நான் பெத்தவன் எனக்குக் கல்லுன்னு கத சொல்றான். வாழைப்பூ வடை! உங்கப்பா இருந்திருந்தா..."

"அம்மா, நிறுத்துங்க."

நிறுத்தினேன். அவன் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

"அப்பாவுக்கு நீங்க என்ன பண்ணீங்களோ, அதத்தான் நான் உங்களுக்குப் பண்ணேன். அந்த ரிப்போர்ட்ட என் காலேஜ் பைக்குள்ள வச்சு வீட்டுக்குள்ள கொண்டுவரச் சொன்னது யாரு? அல்சர்னு சொல்லுடான்னு எனக்கு மாடிப்படியில நின்னு சொல்லிக்குடுத்தது யாரு? எனக்கு இருபத்தோரு வயசும்மா. பாசம்னா இப்படித்தான் பண்ணணும்னு நான் நெனச்சுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

தண்ணீர்த் தொட்டி கழுவினார்கள். வேறு எழுத எதுவுமில்லை.

அக்டோபர் 17, செவ்வாய்

ரவிக்கைகளைச் செங்கமலம் தைத்துக் கொண்டுவந்தாள். சரியாக இருக்கின்றன.

அக்டோபர் 19, வியாழன்

பீரோவின் கீழ்த் தட்டைத் திறந்தேன். அந்துருண்டை எப்போதோ கரைந்துபோய்விட்டது. நெடி எதுவும் இல்லை.

கல்யாணப் புடவைக்கு அடியில் விரித்த தாளுக்குக் கீழே அது இருந்தது. 2004 ஜூன். ஏ. சவரிராயன், வயது 60. இரைப்பைப் புற்றுநோய்.

டாக்டர் என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்திச் சொன்னார். "அவர்கிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன்? முப்பத்தொரு வருடம் ரயிலின் கடைசிப் பெட்டியில் கார்டு வேலை. தண்டவாளத்தில் விழுந்தவர்களைப் போர்வையில் எடுத்து வைத்துவிட்டு, நேரத்தை எழுதிவிட்டு, பச்சைக் கொடி காட்டிய மனிதர். தாங்கமாட்டேன் என்று பயந்தது யார் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போதும் தெரிந்திருக்கும்.

மூன்று முறை கேட்டார். ஜூலையில், "ஜெசி, என் ரிப்போர்ட் எங்க?" ஆஸ்பத்திரியில் தொலைத்துவிட்டார்கள் என்றேன். ஆகஸ்டில், "நிஜமா அல்சர்தானா?" ஆமாம் என்றேன். மூன்றாவது முறை என்னைக் கேட்கவில்லை, பெலிக்ஸைக் கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அக்டோபர் கடைசியில் போய்விட்டார்.

ஊருக்கெல்லாம் 'உரியவர் பேசினால் மட்டும்' என்றவள் நான்.

ரிப்போர்ட்டோடு அவருடைய சின்ன நோட்டும் இருந்தது. சாவுக்குப் பிறகு தலையணைக்கடியில் எடுத்தேன். முதல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே வைத்தது. இன்று முழுவதும் வாசித்தேன். கார்டுகள் ஓடும் வண்டியில் எழுதுகிற மாதிரிக் கட்டம் போட்டிருக்கிறார். வண்டி தாமதமானால் எத்தனை நிமிடம், என்ன காரணம் என்று அவர்கள் எழுதியாக வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அதையும் எழுத வேண்டும். இடத்தைக் காலியாக விடக் கூடாது.

'ஆகஸ்ட் 21. மதியம் 2.10 வலி. 2.55 குறைந்தது. காரணம்: தெரிவிக்கப்படவில்லை.'

'செப்டம்பர் 3. காலை 4.40 வலி. 6.05 குறைந்தது. காரணம்: தெரிவிக்கப்படவில்லை.'

நாற்பத்தாறு பதிவுகள். நாற்பத்தாறிலும் அதே சொற்கள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அக்டோபர் 20, வெள்ளி

பெலிக்ஸைக் கூப்பிட்டேன். "நீ சொன்னது சரி" என்றேன். இந்த வாக்கியத்தை அவனிடம் நான் முன்பு சொன்னதாக நினைவில்லை. அவன் லைனில் இருக்கிறானா என்று இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"ஆனா நான் பண்ணினது தப்பு. அதனால நீ பண்ணினதும் தப்பு. என்னைப் பாத்துக் கத்துக்கிட்டேன்கறது உனக்குச் சாக்கு ஆகாது" என்றும் சொன்னேன். சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. இந்த மௌன வகை எனக்குப் புதிது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூசை. செங்கமலம் மிக்ஸிக்கும் அரிவாள்மனைக்கும் சந்தனப் பொட்டு வைக்கட்டுமா என்று வருடா வருடம் கேட்பாள். வருடா வருடம் நான் கூடாது என்பேன். இன்று, "மிக்ஸிக்கு வேண்டாம், போனுக்கு வை" என்றேன். "உங்களுக்கு என்னம்மா ஆச்சு?" என்றாள். திரையில் படாமல் பின்பக்கம் வைத்தாள்.

அந்தப் பொட்டோடு சிங்கப்பூருக்குக் கூப்பிட்டேன். இந்த முறை காணொளி. கோகிலவாணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், மூக்கில் கண்ணாடி. ஆதாரைக் காட்டச் சொன்னாள், முகத்தோடு ஒப்பிட்டாள்.

"இப்ப சொல்லுங்கம்மா, எதுக்காக இந்தக் கருத்துக் கேக்கறீங்க?"

"கணையத்துல கட்டி. புற்றா இருக்கலாம். என் வயசுக்கு அறுவை சிகிச்சை தாங்குமா, வேணுமான்னு தெரிஞ்சுக்க."

"நன்றிம்மா" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். மருத்துவர்கள் பார்க்கலாமா? பார்க்கலாம். ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாமா? பெயரை எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வேறு நாட்டு மருத்துவமனைக்கு அனுப்பலாமா? என்னைக் கேட்காமல் கூடாது. எத்தனை நாள் வைத்திருக்கலாம்? எவ்வளவு நாள் தேவையோ அவ்வளவு, பிறகு அழித்துவிட்டு எனக்கு எழுத வேண்டும். இருபது நிமிடம் ஆனது. என் ஆயுளில் என்னிடம் இத்தனை விஷயத்துக்கு யாரும் அனுமதி கேட்டதில்லை.

"குடும்பத்துல யாருக்காவது விவரம் சொல்லலாமா? யாரும் வேண்டாம்னாலும் சரிதான்."

சொல்லக் கூடாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு முன்னால் சொல்லியிருப்பேன்.

"பெலிக்ஸ் சவரிராயன். மகன். முழு விவரமும் சொல்லலாம். ஆனா எனக்குச் சொன்னதுக்கு அப்புறம்."

"உங்களுக்குச் சொன்னதுக்கு அப்புறம்" என்று திருப்பிச் சொல்லித் தட்டச்சு செய்தாள். எங்கள் நிலையத்திலும் அப்படித்தான், கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதுவோம். வைக்கும் முன், நான் பி.பி. கால் பற்றிச் சொன்னேன். அவள் கேள்விப்பட்டதே இல்லையாம். "நல்ல விதியா இருக்கேம்மா, ஏன் எடுத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

அக்டோபர் 30, திங்கள்

சிங்கப்பூரிலிருந்து கருத்து வந்தது. முதல் வரியில் என் பெயர். திருமதி ஜெசிந்தா சவரிராயன் அவர்களுக்கு. கடவுச்சொல் என் கைபேசிக்கே வந்தது. அவசரத்தில் ஒருமுறை தப்பாகப் போட்டேன்.

கட்டி இரத்தக்குழாய்களைத் தொடவில்லை. எடுக்க முடியும். பெரிய அறுவை, என் வயதில் பத்தில் ஒருவருக்குக் கடும் சிக்கல் வரலாம். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். முடிவு நோயாளியுடையது என்று முடித்திருக்கிறார்கள். எழுத்துப் பிழை இல்லை.

மதியம் வரை அதை நான் மட்டும் வைத்திருந்தேன். பிறகு பெலிக்ஸைக் கூப்பிட்டேன்.

"வர்றீங்களாம்மா?" என்றான்.

"எதுக்கு வரணும்?"

"ஆபரேஷனுக்கு."

"என்ன ஆபரேஷன்?"

காத்திருந்தேன். லைனை விடாமல் காத்திருக்க எனக்குத் தெரியும்.

"கணையப் புற்றுநோய்க்கு" என்றான். மெதுவாகத்தான், ஆனால் சொல் முழுசாக வந்தது.

"அப்படிக் கேட்டா வர்றேன். டிக்கெட் போடு. கல்லறைத் திருநாள் முடியட்டும். பாஸ்போர்ட்டுல ஜூன் ஒண்ணுன்னு இருக்கும், பாத்துப் போடு."

"தெரியும்மா" என்றான். "உங்களுக்கு டிசம்பர் எட்டுன்னும் தெரியும்."

நவம்பர் 2, வியாழன்

காலை ஆறரைக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன், கூட்டம் சேரும் முன்பே. வெள்ளை சுமாராகத்தான் அடித்திருக்கிறார்கள், சிலுவையின் பின்பக்கம் விட்டுவிட்டார்கள். செவ்வந்தி மாலை, நான்கு மெழுகுவர்த்தி. காற்றில் இரண்டுதான் நின்றன.

பையிலிருந்து 2004 ரிப்போர்ட்டை எடுத்தேன். வாசிக்கும் முன் சுற்றிப் பார்த்தேன். வலது பக்கக் கல்லறைக் குடும்பம் தெர்மாஸைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தது. அவர்கள் குடித்துவிட்டுக் கிளம்பும் வரை சும்மா நின்றேன். நோயாளியின் விவரம் நோயாளிக்கு மட்டும்.

"ஏ. சவரிராயன்தானே?" என்று கேட்டேன். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன். அந்தச் சொல்லையும் விடவில்லை. அடுத்து என்னுடையதையும் வாசித்தேன். அவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு. நான் கொடுக்கிறேன்.

அவருடைய நோட்டில் கடைசிப் பதிவுக்குக் கீழே இன்னும் ஒரு கட்டம் காலியாக இருந்தது. கல்லறை மேலேயே வைத்து என் பேனாவால் நிரப்பினேன்.

'நவம்பர் 2. காலை 7.20. காரணம் தெரிவிக்கப்பட்டது. தாமதம்: பத்தொன்பது ஆண்டுகள். தாமதத்துக்குக் காரணம்: ஜெசிந்தா சவரிராயன்.'